சாலை மாற்றமும் லயத்து மக்களும்

கேள்வி: ஊராட்சி மன்றத்தார் எங்கள் கடைத்தெருவை ஒருவழிச் சாலையாக்கி, தமிழ்ப்பள்ளிப் பேருந்து நிறுத்தத்தையும் இடம் மாற்றுகிறார்கள். கருத்துக் கேட்புக் கூட்டத்துக்குத் தாமான் (வீடமைப்புப் பகுதி) வாசிகளுக்கு மட்டுமே கடிதம் வந்தது. கூட்டம் நடந்ததோ வேலைநாள் காலையில். நாங்கள் அப்போது செம்பனைக் காட்டில் இருந்தோம். இது பாகுபாடுதானே?
– தோட்டத்து வாசகர், பேராக், மலேசியா

பதில்: உங்கள் வருத்தம் முற்றிலும் நியாயமானது. வீட்டு உரிமையாளர்கள் ஊராட்சி மன்றத்துக்குச் செலுத்தும் மதிப்பீட்டு வரியின் பட்டியலைப் பார்த்துக் கடிதம் அனுப்பியிருந்தால், தோட்ட நிர்வாகத்தின் பெயரில் உள்ள லயங்கள் (தொழிலாளர் வரிசை வீடுகள்) விடுபட்டிருக்கலாம். ஆயினும் அந்த நிறுத்தத்தில் தினமும் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் பெற்றோரைக் கேட்காமல் எடுத்த முடிவு, நோக்கம் எதுவானாலும், விளைவில் பாகுபாடே என்பது என் கருத்து. 1965இல் ஊராட்சித் தேர்தல் நிறுத்தப்பட்டு, இன்று மன்ற உறுப்பினர்களை மாநில அரசே நியமிப்பதால், வாக்குச்சீட்டால் அவர்களைத் தட்டிக் கேட்கவும் வழியில்லை. எனினும் 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, மன்றக் கூட்டங்கள் பொதுவாக மக்களுக்குத் திறந்திருக்க வேண்டும் என்கிறது. ஆகவே கடிதம் எந்தெந்த வீடுகளுக்குப் போனது என்று மன்றத்துக்கு மலாய் மொழியில் எழுதிக் கேட்டு, லயத்தார் அனைவரும் கையொப்பமிட்டு, மாலை வேளையில் மறுகூட்டம் கோருங்கள். நகலைச் சட்டமன்ற உறுப்பினரிடமும் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையை மறக்காமல் வாங்குங்கள்.