ஏ.ஏ. கூட்டத்துக்கு முதல்முறை போகிறவர் கவனத்துக்கு

கேள்வி: வயது 38. அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை. நான்கு வருடமாகத் தினமும் இரண்டு குவார்ட்டர். மாலை போட்டால் 48 நாளும் தொடமாட்டேன், கழற்றிய அன்றே பழைய கதை. குடியை விட ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டத்துக்குப் போகச் சொல்கிறார்கள். எப்படிக் கண்டுபிடிப்பது? கம்பெனிக்குத் தெரிந்துவிடுமா? சர்ச்சில் நடக்கும் என்கிறார்களே?

பதில்: முதலில் உடம்பு. 42.8 சதவீதச் சரக்கு என்றால் 180 மி.லி. குவார்ட்டரில் சுத்த ஆல்கஹால் மட்டும் ஏறக்குறைய 60 கிராம். உங்கள் கணக்கு தினமும் 120. இதற்குப் பழகிய உடம்பில் சட்டென்று நிறுத்தினால் 6 முதல் 12 மணி நேரத்தில் கை நடுங்கும், வியர்க்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்கு ஆள் தெரியாத உளறல் தொடங்கும். அதில் உயிரே போகலாம். கோயிலில் கயிறு கட்டிக்கொண்டு வந்து வீட்டிலேயே படுத்துக்கொள்வது இதனால்தான் ஆபத்து. மாலை போட்டபோது ஒன்றும் ஆகவில்லை என்பது இந்த முறைக்கு உத்தரவாதம் இல்லை.

கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்துக்கோ, சென்ட்ரல் எதிரே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கோ காலையிலேயே போய்விடுங்கள். இந்திரா நகரில் டி.டி.கே. மருத்துவமனை இதற்கென்றே உள்ளது. நடுக்கத்துக்குச் சில நாள் குறைத்துக்கொண்டே வரும் மாத்திரையும், தயமின் என்கிற பி1 வைட்டமினும் தருவார்கள். முன்பு வலிப்பு வந்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். படுக்கையில் சேர்த்துப் பார்ப்பார்கள். வழி கேட்க, மது, போதை மீட்புக்கான இலவச எண் 14446. வலிப்பு வந்துவிட்டால் 108.

இனி கூட்டம். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் 1935-இல் அமெரிக்காவின் அக்ரன் நகரில் இரண்டு குடிநோயாளிகள் சந்தித்துப் பேசியதில் பிறந்தது. சேர விண்ணப்பம் கிடையாது, கட்டணம் கிடையாது. குடியை விடும் விருப்பம் ஒன்றுதான் தகுதி. ஏ.ஏ. இந்தியாவின் இணையதளத்தில் உதவி எண் இருக்கும். அழைத்து மூன்று விஷயம் கேளுங்கள்: தமிழில் நடக்கிறதா, ஓபன் மீட்டிங்கா க்ளோஸ்டா, இன்று அதே இடத்தில்தான் நடக்கிறதா. ஓபன் என்றால் குடும்பத்தாரும் வரலாம். க்ளோஸ்டு என்றால் குடிப் பிரச்சினை உள்ளவர்களுக்கு மட்டும். மூன்றாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். ஹால் மாறியது பழைய பட்டியலில் ஏறியிருக்காது. பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்புகிறவர் நேரே எங்கே போவார் என்று உங்களுக்கே தெரியும்.

எந்தக் குரூப் என்பதை வீட்டுக்குப் பக்கம் என்று பார்த்து முடிவு செய்யாதீர்கள். கால் எந்த நேரத்தில் கடைப்பக்கம் போகிறதோ, அந்த நேரத்துக் கூட்டம்தான் உங்களுக்கு. ஷிப்ட் ஆறு மணிக்கு முடிகிறதென்றால் ஏழு மணிக் கூட்டம் சரி. ஞாயிறு காலைக் கூட்டம் மட்டும் போதாது. தெரிந்தவர் கண்ணில் படுமோ என்ற பயம் இருந்தால் அம்பத்தூரை விட்டு வில்லிவாக்கம், பெரம்பூர் என்று ரயிலில் போய்விடுங்கள். எஸ்டேட்டிலிருந்து ஸ்டேஷனுக்குக் கடை வராத பாதை எது என்பதையும் முன்பே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

சர்ச், பள்ளிக்கூடம் எல்லாம் குறைந்த வாடகைக்கு அறை கிடைக்கும் இடங்கள், அவ்வளவுதான். குடியிலிருந்து மீள ஏ.ஏ. சொல்லும் பன்னிரண்டு படிகளில் கடவுள் என்ற சொல் வரும், ‘நாங்கள் புரிந்துகொண்ட வகையில்’ என்ற சேர்க்கையோடு. ஒரு பிரார்த்தனையும் இருக்கும். நீங்கள் சும்மா நிற்கலாம். அதுவும் ஒத்துவராவிட்டால், கடவுள் பேச்சே இல்லாத ஸ்மார்ட் ரெக்கவரி இணையவழிக் கூட்டங்கள் நடத்துகிறது.

கூட்டம் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் நடக்கும். பத்து நிமிஷம் முன்னதாகப் போய், வாசலில் நிற்பவரிடம் “புதுசா வந்திருக்கேன்” என்றால் போதும். ஒவ்வொருவரும் பெயரைச் சொல்லி, “நான் ஒரு குடிநோயாளி” என்று தொடங்கிப் பகிர்வார்கள். யாரும் குறுக்கே பேசமாட்டார்கள், புத்தியும் சொல்லமாட்டார்கள். உங்கள் முறை வந்தால் “இன்னிக்கு கேக்க வந்தேன்” என்று சொல்லிவிடலாம். கப் நிறைய டீ தந்தால் பாதியைக் குறைக்கச் சொல்லுங்கள், கை நடுங்கினாலும் சிந்தாது. அங்கே யாரும் அதை வேடிக்கை பார்ப்பவர்கள் இல்லை. உண்டியல் சுற்றி வரும். முதல் நாள் போடவே வேண்டாம்.

டீக்கு அப்புறம் நடக்கிற பேச்சுதான் முக்கியம். அதற்குள் நழுவி ஓடுவதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு. மூன்று பேரிடம் போன் நம்பர் வாங்குங்கள். அன்றிரவே ஒருவருக்கு ஒரு மிஸ்டு கால் கொடுங்கள். அப்போதுதான் ஆசை வருகிற நாளில் கை கூசாமல் அழைக்கும். மாலை போட்ட 48 நாள் நீங்கள் தாக்குப்பிடித்தது விரதத்தால் மட்டும் இல்லை. பஜனை, குருசாமி, பார்க்கிறவர் எல்லாம் ‘சாமி’ என்று கூப்பிட்டது என்று சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள். மாலையைக் கழற்றியதும் அவரவர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். ஏ.ஏ.வில் குருசாமி இடத்தில் ஸ்பான்சர், அதாவது வழிகாட்டும் பழைய உறுப்பினர்; கலையாத செட்டு. 90 நாளில் 90 கூட்டம் என்பது அங்கே வழக்கமான அறிவுரை. ஷிப்ட் வேலையில் முடியாதுதான், வாரம் மூன்று கூட்டமாவது வைத்துக்கொள்ளுங்கள். ஒரு குரூப் பிடிக்கவில்லை என்றால் வேறு இரண்டு குரூப் பார்த்த பிறகு முடிவெடுங்கள்.

கம்பெனிக்கு யாரும் தகவல் அனுப்பமாட்டார்கள். வருகைப் பதிவேடே கிடையாது. ஆனால் கேட்டதை வெளியே சொல்லாதபடி உறுப்பினர்களைக் கட்டுப்படுத்துவது மரபு, சட்டம் அல்ல. அதனால் முதல் மாதம் கம்பெனிப் பெயர், முழுப்பெயர் வேண்டாம். மருத்துவமனையில் சொல்வதற்கு 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு. கூட்டத்தில் யாராவது கடன் கேட்டாலோ, சீட்டில் சேரச் சொன்னாலோ நகர்ந்துவிடுங்கள். டாக்டர் மாத்திரையை நிறுத்தச் சொல்ல எந்த உறுப்பினருக்கும் உரிமை இல்லை.

நடுவில் ஒருநாள் குடித்துவிட்டால்? மறுநாள் கூட்டத்துக்குப் போய்ச் சொல்லிவிடுங்கள். ‘ஸ்லிப்’ என்பார்கள், குடிக்காத நாள் எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து. விரட்டமாட்டார்கள்.

வீட்டுக்காரம்மாவுக்கு அல்-அனான் என்று குடும்பத்தாருக்கான தனிக் கூட்டம் உண்டு; நீங்கள் போகாவிட்டாலும் அவர் போகலாம். ஒன்றை மட்டும் அவரிடம் சொல்லிவையுங்கள்: குடித்தால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் செய்யும் டைசல்ஃபிராம் மாத்திரையை உங்களுக்குத் தெரியாமல் சாம்பாரில் கலக்கக் கூடாது. தெரியாமல் நீங்கள் குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து ஐ.சி.யூ. வரை போகும். அந்த மாத்திரை வேண்டுமென்றால் டாக்டரிடம் கேட்டு, ஈரல் பரிசோதனை செய்து, உங்கள் கையாலேயே போட்டுக்கொள்ளுங்கள்.