கடலோரக் கிராமங்களில் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் ஒரே மாதிரி கவனிப்பு கிடைக்கிறதா? ஒரு செவிலியரால் இதில் ஏதாவது மாற்ற முடியுமா?

பாம்பன், மண்டபம் பக்கம் இருபது வருடத்துக்கு மேல் கிராம சுகாதார செவிலியராக இருக்கிறேன். சட்டப்படி பார்த்தால் எல்லோருக்கும் ஒன்றுதான். அதே மாத்திரை, அதே ஊசி, அதே ஸ்கேன். ஆனால் அவை கிடைக்கிற நாளும் நேரமும் எல்லோருக்கும் தோதாக இல்லை.

எங்கள் பக்கம் பெண்கள் கடலில் பாசி எடுக்கப் போவார்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர் நன்றாக வற்றுகிற நாட்களில்தான் வேலை. காலையிலேயே வள்ளத்தில் தீவுப் பக்கம் போய், மூழ்கி மூழ்கி மரிக்கொழுந்து, கட்டக்கோரை என்று பாசி வகைகளைப் பறித்து வருவார்கள். வயிற்றில் பிள்ளையோடு போகிறவர்களும் உண்டு. கர்ப்பிணிகளுக்கான சிறப்பு முகாமோ மாதாமாதம் 9ஆம் தேதி. இரண்டும் ஒரே நாளில் வந்தால் முகாமைத்தான் விடுவார்கள். "வராதவர்" என்று நானும் பதிவேட்டில் எழுதியிருக்கிறேன், சத்தமும் போட்டிருக்கிறேன்.

ஒருநாள் ஏழு மாதப் பெண் ஒருத்தியை அவள் வீட்டிலேயே போய்ப் பிடித்தேன். ரத்தம் பார்க்க மோதிர விரலைப் பிடித்தால், நுனி முழுக்கப் பாறை கிழித்த கோடு. துணி சுற்றி ஈரத்திலேயே ஊறி வெளுத்த தோல். குத்த இடமில்லை. மூன்றாவது விரலில்தான் ஒரு சொட்டு வந்தது. ஹீமோகுளோபின் 11 இருக்க வேண்டிய இடத்தில் 7.8. ஏன் வரவில்லை என்று கேட்டேன். "அன்னைக்கு நீர் வத்துற நாளு அக்கா, எனக்காக வள்ளம் நிக்குமா?" என்றாள்.

அதற்கப்புறம் தினசரி காலண்டரில் பிறையைப் பார்த்துத்தான் என் சுற்றைப் போடுகிறேன். பாசிக்குப் போகிற நாட்களில் சாயங்காலம் கரையிலேயே பி.பி. பார்ப்பேன். அவளுக்கு இரும்புச்சத்து ட்ரிப்ஸையும் கடலுக்குப் போகாத நாட்களாகப் பார்த்து டாக்டரிடம் கேட்டு வாங்கினேன். கர்ப்பத்தைப் பதிவு செய்வதிலும் இதே சிக்கல்தான். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமாக 18,000 ரூபாய் வரும். 12 வாரத்துக்குள் பதிந்துவிட்டால் அலைச்சல் குறைவு. அந்த 12 வாரத்துக்குள் வர முடியாதவள்தான் பெரும்பாலும் பணம் அதிகம் தேவைப்படுகிறவள்.

இன்னொன்று, பிரசவ அறை. ஒருமுறை ஒரு பெண் வலியில் கத்தியபோது, "கடக்கரைப் பொம்பளைக்கு இரும்பு உடம்பு, தாங்குவா" என்று சொல்லி விட்டுவிட்டார்கள். அவளுக்கு ரத்தத்தில் இரும்பே இல்லை என்று அட்டையில் எழுதியிருந்தது. யாரும் திருப்பிப் பார்க்கவில்லை. ரத்தசோகை உள்ளவளுக்குப் பிரசவத்தில் கொஞ்சம் அதிகம் ரத்தம் போனாலே ஆபத்து. அதை நினைத்தால் இன்றும் எனக்கு மனசு ஆறவில்லை.

அரசு மருத்துவமனைகளில் பிரசவத்தின்போது கூட ஒரு பெண் துணை இருக்கலாம் என்ற ஏற்பாடு உண்டு. விவரம் தெரிந்தவர்கள் கேட்டு வாங்கிக்கொள்கிறார்கள். அதனால் ஏழாம் மாதத்திலேயே, யார் கூட வருவது என்று மாமியாரையோ நாத்தனாரையோ உட்கார வைத்துப் பேசி, அட்டையில் எழுதிவிடுகிறேன். வலி எடுத்து 108 கிளம்பியதும் பணியில் இருக்கும் நர்சுக்குப் போன் போட்டு ரத்த அளவைச் சொல்கிறேன். என்னால் செய்ய முடிவது இவ்வளவுதான். தீவுக்குப் போகிறவளுக்குப் பேறுகாலத்தில் கூலியோடு விடுப்பு தர என்னிடம் வழியில்லை.

அந்த 7.8 பெண்ணுக்குப் பிரசவத்தின்போது 10.2 இருந்தது. மாமியார் தலைமாட்டிலேயே நின்றார். பெண் குழந்தை, 2.7 கிலோ. இப்போது வள்ளத்தில் யாருக்காவது நாள் தள்ளிப்போனால், முதல் போன் அவளிடமிருந்துதான் வருகிறது.