ஸ்டோரேஜ் சந்தேகங்கள்: செஃப் கிளஸ்டரை ஒரே இரவில் அப்கிரேட் செய்யலாமா?

கேள்வி: எங்கள் கல்லூரியில் 5 சர்வர்களில் செஃப் (பல சர்வர்களின் டிஸ்க்குகளை ஒரே சேமிப்பிடமாக்கும் மென்பொருள்) கிளஸ்டர் ஓடுகிறது. 40 ஓஎஸ்டி (டிஸ்க்கில் உள்ள தரவைக் கவனிக்கும் நிரல்), 3 மானிட்டர் (கிளஸ்டரின் நிலையைக் கணக்கு வைக்கும் நிரல்), எல்லா பூலிலும் (தரவுத் தொகுப்பிலும்) மூன்று பிரதி. ஆக்டோபஸ் பதிப்பு, பேக்கேஜ் வழியாக நிறுவியது. மாணவர்களின் விர்ச்சுவல் மெஷின்கள் முழுக்க இதை நம்பித்தான் இருக்கின்றன. ரீஃப் பதிப்புக்கு மாறச் சொல்கிறார்கள். ஞாயிறு இரவு தொடங்கினால் திங்கள் காலைக்குள் முடிந்துவிடும் என்பது துறைத்தலைவரின் எண்ணம். சர்வீஸ் நிற்காமல் செய்ய முடியுமா?
— ஒரு வாசகர், திருச்சி

பதில்: சர்வீஸ் நிற்காமல் செய்யலாம். ஒரே இரவில் வேண்டாம். துறைத்தலைவரிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

ஆக்டோபஸ் 15, ரீஃப் 18. செஃப்பில் ஒரு தடவைக்கு இரண்டு பதிப்பு வரைதான் மேலே ஏறலாம். எனவே 15-லிருந்து 17-க்கு, அதாவது குவின்சிக்குப் போய், அங்கே சில நாட்கள் நிம்மதியாக ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு, அப்புறம்தான் 18. பெரிய பதிப்பு மாறியபின் பழையதற்குத் திரும்ப வழி கிடையாது. புதிய மானிட்டர் தன் டேட்டாபேஸை மாற்றி எழுதிவிட்டால் பழைய மென்பொருளுக்கு அது புரியாது. ஜாக்கிரதை எல்லாம் முன்கூட்டியே இருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

தொடங்கும் முன் இரண்டு விஷயங்களைப் பாருங்கள். மானிட்டர்கள் லெவல்டிபி என்ற பழைய டேட்டாபேஸில் இருக்கின்றனவா? குவின்சியில் அதற்கு ஆதரவு இல்லை. ராக்ஸ்டிபி என்ற டேட்டாபேஸுக்கு மாற்றிவிட்டுத்தான் நகர வேண்டும். ஓஎஸ்டிகளில் ஏதாவது ஒன்று இன்னும் ஃபைல்ஸ்டோர் என்ற பழைய சேமிப்பு முறையில் இருக்கிறதா? ரீஃப்பில் ஃபைல்ஸ்டோரையே எடுத்துவிட்டார்கள். அதை ப்ளூஸ்டோர் என்ற புதிய முறைக்கு மாற்றுவது என்றால் டிஸ்க்கை அழித்து மறுபடி நிரப்புவது. பழைய கிளஸ்டரில் இந்த வேலைக்கே வாரக்கணக்கில் ஆகலாம்.

வெளியீட்டுக் குறிப்புகளைக் கடைசி வரி வரை படியுங்கள். 2021 நவம்பரில் என்ன நடந்தது என்று பாருங்கள். பழைய பதிப்பிலிருந்து பசிபிக்குக்கு, அதாவது 16-க்கு, யாரும் மாற வேண்டாம் என்று செஃப் குழுவே அவசர எச்சரிக்கை விட்டது. ஓமேப் எனப்படும் சாவி-மதிப்புத் தரவைப் புதிய வடிவத்துக்கு மாற்றும்போது அது கெட்டுப்போகும் பிழை இருந்தது. ப்ளூஸ்டோரின் ‘குயிக் ஃபிக்ஸ்’ என்ற பழுதுபார்க்கும் வசதியை இயக்கினால் அது கிளம்பும். 16.2.7-ல்தான் சரிசெய்தார்கள். அன்றைக்கு அந்த எச்சரிக்கையைப் படித்தவர்கள் தப்பினார்கள். புதிய பதிப்பு வந்த வாரமே தாவ வேண்டாம் என்று நான் சொல்வதற்கும் இதுதான் காரணம்.

அப்கிரேட் செய்யும் வரிசை: முதலில் மானிட்டர்கள், பிறகு மேனேஜர் (நிர்வாக நிரல்), பிறகு ஓஎஸ்டிகள், கடைசியில் எம்டிஎஸ் (ஃபைல் சிஸ்டத்துக்கானது), ஆர்ஜிடபிள்யூ (ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜுக்கானது) இருந்தால் அவை. மானிட்டர்களை ஒவ்வொன்றாக ரீஸ்டார்ட் செய்து, மூன்றும் மறுபடி குவோரத்துக்குள் (முடிவெடுக்கத் தேவையான பெரும்பான்மைக் குழுவுக்குள்) வந்ததைப் பார்த்தபின் அடுத்ததைத் தொடுங்கள். மூன்றில் இரண்டு உயிரோடு இருந்தால்தான் கிளஸ்டர் பேசும்.

ஓஎஸ்டி கட்டத்தில்தான் அவசரம் ஆளைக் கவிழ்க்கும். ஒரு சர்வரை எடுத்துக்கொள்ளுங்கள், அதில் 8 ஓஎஸ்டி இருக்கும். முதலில் அந்த சர்வருக்கு மட்டும் ‘நோஅவுட்’ கொடி வையுங்கள். இல்லையென்றால் கீழே போன ஓஎஸ்டி 10 நிமிடத்தில் எழாவிட்டால், செஃப் அதை வெளியேற்றிவிட்டு அதன் தரவையெல்லாம் வேறு இடத்தில் நகலெடுக்கத் தொடங்கிவிடும். அடுத்து, அந்த 8 ஓஎஸ்டி எண்களையும் கொடுத்து, நிறுத்தலாமா என்று ‘ஓகே-டு-ஸ்டாப்’ கட்டளையில் கேளுங்கள். அது ‘ஆம்’ என்றால் மட்டுமே ரீஸ்டார்ட்.

இப்போது நடப்பதைக் கவனியுங்கள். அந்த சர்வர் கீழே இருந்த சில நிமிடங்களில் மாணவர்கள் எழுதியதெல்லாம் மூன்று இடத்துக்குப் பதில் இரண்டு இடத்தில்தான் இருக்கிறது. ஓஎஸ்டிகள் மேலே வந்ததும், விட்டுப்போனதை மட்டும் வாங்கிக்கொள்ளத் தொடங்கும். அது முடிவதற்குள் அடுத்த சர்வரை நிறுத்தினால், ஆகப் புதிதாக எழுதிய தரவு சிலவற்றுக்கு ஒரே ஒரு நல்ல பிரதிதான் எட்டும் தூரத்தில் இருக்கும். அந்த நேரம் பார்த்து அந்த டிஸ்க் போனால்? ஆகவே எல்லா பிஜியும் (தரவைப் பிரித்து வைக்கும் குழுக்கள்) ‘ஆக்டிவ், கிளீன்’ என்று காட்டும் வரை கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள். நான் ஒரு டெர்மினலில் கிளஸ்டர் நிலையைத் தொடர்ந்து காட்டும் ‘செஃப் மைனஸ் டபிள்யூ’ (ceph -w) கட்டளையை ஓடவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருப்பேன். ஐந்து நிமிடம் என்றாலும் சரி, ஒரு மணி நேரம் என்றாலும் சரி.

வேலை முடிந்த சர்வருக்கு நோஅவுட்டை எடுத்துவிடுங்கள். அதை மறந்துவிட்டு வீட்டுக்குப் போய், இரவில் டிஸ்க் நிஜமாகவே செத்தால், செஃப் அதை வெளியேற்றாது, குறைந்த பிரதியையும் நிரப்பாது.

எல்லா ஓஎஸ்டியும் மாறியபின் ‘ரிக்வயர்-ஓஎஸ்டி-ரிலீஸ்’ கட்டளையில் குவின்சி என்று கொடுக்க வேண்டும். பலர் விட்டுவிடும் படி இது. பழைய பெயரிலேயே கிடந்தால் அடுத்த தாவலில் புதிய ஓஎஸ்டிகள் கிளஸ்டருக்குள் சேர முடியாமல் நிற்கும்.

இன்னொன்று. மூன்று பிரதி இருப்பது பேக்கப் ஆகாது. பிழை வந்தால் மூன்றிலும் சேர்ந்தே வரும். முக்கியமான மெஷின்களின் இமேஜ்களைக் கிளஸ்டருக்கு வெளியே எடுத்து வைத்து, ஒன்றையாவது திறந்து பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். முடிந்தால் மூன்று சிறிய விர்ச்சுவல் மெஷினில் ஆக்டோபஸ் போட்டு, இதே பாதையில் ரீஃப் வரை ஒருமுறை ஏறிப் பாருங்கள். ஆபரேட்டிங் சிஸ்டம் மாற்றுவதை இதோடு கலக்காதீர்கள். ஏதாவது உடைந்தால் எதனால் உடைந்தது என்றே தெரியாது.

கேள்வி: குவின்சிக்கு மாறிவிட்டோம். ஆனால் ‘செஃப் ஃபீச்சர்ஸ்’ கட்டளை எல்லாவற்றுக்கும் ‘லுமினஸ்’ என்றே காட்டுகிறது. அப்கிரேட் ஆகவில்லையா?
— ஒரு வாசகி, சென்னை

பதில்: ஆகியிருக்கும், பயப்படாதீர்கள். அந்தக் கட்டளை ஓடும் பதிப்பைச் சொல்வதில்லை. எந்த வசதிகள் தெரியும் என்பதை வைத்து ஒரு பெயரைக் காட்டுகிறது, அவ்வளவுதான். ‘செஃப் வெர்ஷன்ஸ்’ போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு டீமனும் (பின்னணியில் ஓடும் நிரல்) எந்தப் பதிப்பில் ஓடுகிறது என்று எண்ணிக்கையோடு வரும். பேக்கேஜ் நிறுவியும் ரீஸ்டார்ட் செய்யாத டீமன் ஏதாவது இருந்தால் அதில் பழைய எண்ணோடு தனியாகத் தெரியும். விர்ச்சுவல் மெஷின்களின் கதை வேறு. ஓடிக்கொண்டிருக்கும் மெஷின் தான் தொடங்கியபோது ஏற்றிய பழைய செஃப் லைப்ரரியையே வைத்திருக்கும். அதை முழுதாக நிறுத்தித் தொடங்கினால், அல்லது புதிய லைப்ரரி உள்ள சர்வருக்கு லைவ் மைக்ரேட் செய்தால் மாறிவிடும்.