கானாவில் ஈவே மக்களின் சின்ன மலையூர் ஒன்றைப் பார்க்க எங்கே போகலாம்? அருவியைத் தவிர அங்கே என்ன இருக்கிறது?

வேலை விஷயமாகத் தலைநகர் அக்ராவிலோ பக்கத்துத் துறைமுக நகர் தெமாவிலோ இருக்கிறீர்கள், ஒரு வாரக் கடைசி கையில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். அமெட்ஜோஃபே போங்கள். வோல்ட்டா மாகாணத் தலைநகர் ஹோவிலிருந்து வளைந்து வளைந்து ஏறும் மலைப்பாதை. ஓட்டே அருவியும் ஜெமி மலை உச்சியில் ஜெர்மன் மிஷனரிகள் நட்ட இரும்புச் சிலுவையும் எல்லாப் பட்டியலிலும் இருக்கும். அதனால்தான் “அருவியைத் தவிர” என்று நீங்கள் கேட்டதைப் பார்த்ததும் எழுத உட்கார்ந்தேன்.

தெமாவில் என்னோடு வேலை பார்த்த நண்பருக்கு அதுதான் சொந்த ஊர். அவர் வீட்டில் தங்கியபோது, ஓய்வுபெற்ற ஆசிரியரான அவருடைய பெரியப்பா மாலை முழுக்கத் திண்ணையில் இருந்தார். வீட்டாரிடம் அந்த ஊர்க்காரர்களின் சொந்த மொழியான அவாட்டிமே, வாசலில் வந்த வியாபாரப் பெண்ணிடம் ஈவே, என்னிடம் ஆங்கிலம் என்று மூன்றிலும் தடையில்லாமல் பேசினார். அவாட்டிமே ஈவேயின் கிளைமொழி இல்லை, தனி மொழி. சுற்று வட்டாரத்தின் பொதுமொழி ஈவே. ஜெர்மனியிலிருந்து வந்த பிரெமன் மிஷன்காரர்கள் பள்ளிக்கும் தேவாலயத்துக்கும் ஈவேயையே வைத்ததால் மலைப்பிள்ளைகள் படித்ததும் ஜெபித்ததும் அதில்தான்.

வந்த கதையும் வேறு. ஈவே மக்கள் டோகோவில் இருக்கும் நோட்சேயில், அகோகோலி என்ற கொடுங்கோல் அரசனின் மதிலை உடைத்துக்கொண்டு தப்பி வந்ததாகச் சொல்வார்கள். பெண்கள் தினமும் கழுவிய தண்ணீரை ஒரே இடத்தில் ஊற்றி மண்சுவரை ஊறவைத்தார்களாம். அவாட்டிமே முன்னோர்களோ மேற்கே கடலோர அஹந்தாவிலிருந்து வந்தவர்கள் என்பது அவர்கள் வழக்கு. பெரியப்பா இரண்டையும் சொன்னார், இரண்டும் தங்கள் ஊருக்குச் சேர்ந்தவை என்ற குரலில். “அப்படியானால் அது ஈவே ஊரே இல்லையே” என்று இங்கே யாராவது கிளம்பலாம். நான் மானிடவியல் படித்தவன் இல்லை. ஈவே நாட்டு மலைகளில் பல ஊர்கள் இப்படி இரண்டு மொழியில் வாழ்கின்றன, அதைத் தெரிந்துகொண்டு போங்கள் என்றுதான் சொல்கிறேன்.

அப்புறம் அரிசி. மலைச்சரிவில் விளைகிற செந்நிற அரிசி, நம் நெல்லுக்கு உறவு என்றாலும் ஆப்பிரிக்காவிலேயே பயிரான தனி இனம். அறுவடைக்குப் பின் அதற்கென்று ஒரு திருவிழா உண்டு. அந்த வீட்டில் பரிமாறினார்கள். மணமும் கடிப்பும் இன்னும் நாக்கில் நிற்கிறது. நெல்லை மதிக்கும் ஊரில் பிறந்த எனக்கு அங்கே அந்நியமாகவே தோன்றவில்லை.

ஆட்சிகள் மாறிய கதையையும் பெரியப்பாதான் சொன்னார். 1914 வரை ஜெர்மானியர், அப்புறம் பிரிட்டிஷார். 1956 மே 9 அன்று, பிரிட்டிஷார் கையில் இருந்த இந்த டோகோலாந்துப் பகுதி பக்கத்துப் பிரிட்டிஷ் காலனியான கோல்ட் கோஸ்ட்டோடு (இன்றைய கானா) சேர வேண்டுமா என்று வாக்கெடுப்பு. மொத்தத்தில் இணைய ஆதரவு வந்தது. ஆனால் தெற்கே ஹோ, பாண்டு பக்கத்து ஈவே மக்களில் பெரும்பான்மை எதிர்த்தே வாக்களித்தது. அடுத்த ஆண்டு சுதந்திர கானா. 1946 முதல் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி இருக்கும் ஊர் இது, படிப்புக்குப் பேர்போனது.

இதையெல்லாம் எழுதி ஒரு பத்திரிகைக்கு அனுப்பினேன். கல்லூரியையும் வாக்கெடுப்பையும் வெட்டிவிட்டு, “மர்ம மலையில் பழங்குடிகள்” என்று தலைப்புப் போட்டு, எங்கோ எடுத்த முகமூடி நடனப் படத்தோடு வெளியிட்டார்கள். பெரியப்பாவுக்கு அந்த இதழை அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. ஆப்பிரிக்கா என்றாலே காடும் முகமூடியும்தான் விற்கும் என்று தமிழ் வாசகரை யார் முடிவு செய்தது? கேட்டு எழுதினேன், பதில் இல்லை.

சரி, உங்கள் பயணம். ஞாயிறு அன்று ட்ரோட்ரோ என்ற பகிர்வு வேன் கிடைப்பது கஷ்டம், அதனால் சனிக்கிழமை காலையிலேயே ஹோவிலிருந்து ஏறிவிடுங்கள். ஓட்டே அருவிக்கு இறங்கும் பாதை செங்குத்து, மழைக்காலத்தில் வழுக்கும், நல்ல பிடிப்புள்ள காலணி வேண்டும். தங்கும் வீட்டில் செவ்வரிசி கிடைக்குமா என்று முதல் நாளே கேட்டு வையுங்கள், எல்லா நாளும் சமைப்பதில்லை.