குளிர்காலத்தில் 5 மணி நேரம் சைக்கிள் மிதிக்கத்தான் வேண்டுமா? முதல் முழுத் தூர ட்ரையத்லானுக்குத் தயாராகும் வாசகருக்கு

கேள்வி: எனக்கு வயது 41. உட்கார்ந்து பார்க்கும் வேலை. இரண்டு மாரத்தான் ஓடியிருக்கிறேன். அடுத்த கோடையில் ஒரு முழுத் தூர ட்ரையத்லானுக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். இன்னும் 36 வாரங்கள் இருக்கின்றன. குளிர் தொடங்கிவிட்டது, வேலைக்குப் போகும்போதும் இருட்டு, வரும்போதும் இருட்டு. வாரத்துக்கு 8 மணி நேரம், மிஞ்சினால் 9 மணி நேரம் ஒதுக்க முடியும். சனிக்கிழமைதோறும் வீட்டுக்குள் ட்ரெய்னரில் (சைக்கிளை நகராமல் மாட்டிவைத்து மிதிக்கும் கருவி) 5 மணி நேரம் மிதித்தால்தான் தேறுவேன் என்கிறார் நண்பர். 2 மணி நேரத்துக்கு மேல் என்னால் முடியவில்லை. நீச்சலில் 100 மீட்டருக்கு இரண்டரை நிமிடம் ஆகிறது, 500 மீட்டரில் மூச்சு முட்டுகிறது. இந்தக் குளிர்காலத்தை எப்படிப் பயன்படுத்துவது?

பதில்: உங்கள் நண்பர் சொல்லும் 5 மணி நேரச் சவாரி உங்களுக்குத் தேவைதான். ஆனால் இப்போது இல்லை. இப்போது அதைச் செய்தால் சனிக்கிழமை முழுவதும் போய்விடும், ஞாயிறு களைப்பில் போகும், திங்கள்கிழமை நீச்சலுக்குப் போக மனம் வராது. உங்களிடம் இருக்கும் 8 மணி நேரத்தில் அது பெரிய இழப்பு.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம், ஏனென்றால் உங்கள் பயம் தவறான இடத்தில் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. முழுத் தூரம் என்றால் 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், 42.2 கிலோமீட்டர் ஓட்டம். பெரும்பாலான போட்டிகளில் நீச்சலுக்கு 2 மணி 20 நிமிடம், சைக்கிளை முடிக்கத் தொடக்கத்திலிருந்து பத்தரை மணி நேரம், மொத்தத்துக்கு 17 மணி நேரம் என்ற அளவில் கெடு வைக்கிறார்கள். உங்கள் போட்டியின் விதிகளில் சரியான எண்களைப் பார்த்துக்கொள்ளுங்கள். 2 மணி 20 நிமிடத்தில் நீந்தி முடிக்க 100 மீட்டருக்கு 3 நிமிடம் 40 விநாடி போதும். நீங்கள் இரண்டரை நிமிடத்தில் நீந்துகிறீர்கள். அந்த வேகத்தை இழுத்துப் பிடித்தால் 95 நிமிடத்தில் கரையேறிவிடலாம். கடைசி ஓட்டத்துக்கு ஆறரை மணி நேரம் மிஞ்சும். ஒரு கிலோமீட்டருக்கு 9 நிமிடத்துக்கு மேல் கிடைக்கிறது, மாரத்தான் ஓடியவருக்கு அது நடையும் ஓட்டமும் கலந்தாலே போதும். நெருக்கடி நடுவில்தான். நீச்சல், உடை மாற்றம் எல்லாம் போக சைக்கிளுக்கு 8 மணி 40 நிமிடம் என்று வையுங்கள். 180 கிலோமீட்டரை அதில் முடிக்க மணிக்கு ஏறக்குறைய 21 கிலோமீட்டர் வேகம் வேண்டும். காற்றும் மேடும் பழுதும் அதற்குள்ளேயே அடங்க வேண்டும்.

அப்படியானால் சைக்கிளைத்தானே இப்போது அதிகம் மிதிக்க வேண்டும் என்று கேட்பீர்கள். உடலின் எல்லாப் பகுதிகளும் ஒரே வேகத்தில் பழகுவதில்லை. இதயமும் தசைகளும் சில வாரங்களிலேயே மாறத் தொடங்கிவிடும். நீண்ட நேரம் மிதிக்கும் தாங்குதிறனை, அடித்தளம் இருந்தால், 12 முதல் 14 வாரத்தில் கட்டிவிடலாம். விட்டுவிட்டால் அதே வேகத்தில் கரைந்தும் போகும். எலும்பும் தசைநாணும் மாதக்கணக்கில் எடுத்துக்கொள்ளும். நீச்சல் நுணுக்கம் நரம்பு கற்க வேண்டிய பாடம், ஆயிரக்கணக்கான கைவீச்சுகள் கேட்கும். ஆகவே உங்கள் 36 வாரத்தை இப்படிப் பிரிக்கலாம்: முதல் 16 வாரம் மெதுவாக வளர்பவற்றுக்கு, அடுத்த 18 வாரம் தூரத்துக்கு, கடைசி 2 வாரம் ஓய்வெடுத்துக் கூர்மையாவதற்கு.

இந்தத் தூரங்களும் உடலியல் பார்த்து யாரும் வகுத்தவை அல்ல. 1978 பிப்ரவரியில் ஹவாயின் ஒவாஹு தீவில், ஏற்கெனவே தனித்தனியாக நடந்துவந்த நீச்சல், சைக்கிள், மாரத்தான் போட்டிகள் மூன்றையும் ஒரே நாளில் ஒட்டியதால் வந்தவை. அந்தச் சைக்கிள் போட்டியே அதுவரை இரண்டு நாள் நடந்தது. முதல் ஆண்டில் 15 பேர் கிளம்பி 12 பேர் முடித்தார்கள். பயிற்சியில் முழுத் தூரத்தையும் ஒத்திகை பார்க்க வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை.

நீச்சலுக்கு வருவோம். மாரத்தான் ஓடும் ஒருவருக்கு 500 மீட்டரில் மூச்சு முட்டுகிறது என்றால் அது உடல்தகுதிக் குறை இல்லை. இரண்டு காரணங்களில் ஒன்று, பெரும்பாலும் இரண்டுமே: தண்ணீருக்குள் மூச்சை அடக்கிக்கொள்கிறீர்கள், கால்கள் தாழ்கின்றன. தண்ணீர் காற்றைவிட ஏறக்குறைய 800 மடங்கு அடர்த்தியானது. கால் தாழ்ந்து உடல் சாய்ந்தால் நீங்கள் ஒரு சுவரைத் தள்ளிக்கொண்டு போகிறீர்கள். பார்வை நேர் கீழே தரையில் இருக்கட்டும், தலையைத் தூக்காதீர்கள், இடுப்பு தானாக மேலே வரும். முகம் தண்ணீருக்குள் போன நொடியிலிருந்து மூக்கிலும் வாயிலும் குமிழி விட்டுக்கொண்டே இருங்கள். தலையைத் திருப்பும்போது இழுக்க மட்டுமே நேரம் இருக்கும், விடுவதற்கு இருக்காது.

வாரத்தில் ஒரு நாள் 2 மணி நேரம் நீந்துவதைவிட மூன்று நாள் 45 நிமிடம் நீந்துவது பல மடங்கு மேல். களைத்துப்போன கை தப்பான வீச்சைத்தான் பழகும். முதல் ஆறு வாரம் 50 மீட்டருக்கு மேல் நிற்காமல் நீந்தவே வேண்டாம். 50 நீந்தி, 20 விநாடி நின்று, மூச்சு சீரானதும் அடுத்த 50. அப்புறம் பத்து முறை 100, பிறகு ஐந்து முறை 200. குளிர்காலம் முடியும்போது ஒன்றரை முதல் 2 கிலோமீட்டர் நிற்காமல் போக முடிந்தால் நீங்கள் நல்ல இடத்தில் இருக்கிறீர்கள். பக்கத்திலிருந்து ஒருவர் கைபேசியில் படம் பிடித்துக் கொடுத்தால் உங்கள் கால் எவ்வளவு தாழ்கிறது என்று நீங்களே பார்த்து அதிர்ச்சி அடைவீர்கள். பணம் செலவழிக்க ஓர் இடம் உண்டென்றால், சைக்கிளுக்குப் புதுச் சக்கரம் வாங்கும் முன் நல்ல நீச்சல் பயிற்சியாளரின் நான்கு வகுப்புகளுக்குச் செலவழியுங்கள் என்பேன்.

முன்னேற்றத்தை அளக்க ஓர் எளிய வழி இருக்கிறது. முதல் ஆறு வாரம் முடிந்தபின், மாதம் ஒரு முறை 400 மீட்டரையும், நன்றாக ஓய்வெடுத்தபின் 200 மீட்டரையும் முழு முயற்சியோடு நீந்துங்கள். இரண்டு நேரங்களின் வித்தியாசத்தை இரண்டால் வகுத்தால், 100 மீட்டருக்கு நீங்கள் தாக்குப்பிடிக்கும் எல்லை வேகம் ஏறக்குறையக் கிடைக்கும். 400க்கு 9 நிமிடம், 200க்கு 4 நிமிடம் 15 விநாடி என்றால், வித்தியாசம் 285 விநாடி. எல்லை வேகம் 100 மீட்டருக்கு 2 நிமிடம் 22 விநாடி. போட்டியில் இதைவிடச் சற்று மெதுவாக நீந்தினால் போதும்.

சைக்கிள். ட்ரெய்னரில் 2 மணி நேரத்தில் நொந்துபோனதற்கு வெட்கப்பட வேண்டாம். வெளியில் சரிவு வந்தால் மிதிப்பதை நிறுத்துகிறோம், வளைவில் உடலைச் சாய்க்கிறோம், காற்று வியர்வையை உலர்த்துகிறது. உள்ளே இது எதுவும் இல்லை. உடல் சூடேறிக்கொண்டே போகும், இதயத்துடிப்பு அதே முயற்சிக்கு மெல்ல ஏறும், இருக்கையில் ஒரே இடம் அழுந்தும். ஆகவே ஒரு பெரிய மின்விசிறியை, முடிந்தால் இரண்டை, நேராக மார்பில் படும்படி வையுங்கள். அறையைச் சூடாக்காதீர்கள். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை எழுந்து நின்று அரை நிமிடம் மிதியுங்கள்.

இந்தப் 16 வாரத்தில் வார நாட்களில் இரண்டு முறை 50 நிமிடம், வார இறுதியில் ஒரு முறை 90 நிமிடம் போதும். வார நாள் சவாரிகளில் ஒன்று கடினமாக இருக்கட்டும்: முதலில் 8 நிமிடம் வீதம் மூன்று முறை, பிறகு 10, பிறகு 12. அந்த நேரத்தில் இரண்டு மூன்று சொல்லுக்கு மேல் பேச முடியக் கூடாது. மற்ற இரண்டிலும் முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் கெடுவது இரண்டுக்கும் நடுவில்தான்: சுலபமான நாளில் கொஞ்சம் அழுத்தி, கடினமான நாளுக்குக் கால் இல்லாமல் போவது. சைக்கிளில் உட்காரும் அளவுகளையும் இப்போதே சரிபார்த்துவிடுங்கள். இருக்கை உயரத்தை மாற்றினால் முழங்கால் பழகச் சில வாரம் ஆகும். அதைக் கோடையில் செய்யக் கூடாது.

வெயில் அடித்துச் சாலை காய்ந்திருக்கும் நாளில் தாராளமாக வெளியே போங்கள். பனி உறைந்திருந்தால் சைக்கிளைத் தொடவே வேண்டாம். ஒரு மணிக்கட்டு முறிவு மூன்று பயிற்சிகளையும் சேர்த்து நிறுத்திவிடும்.

ஓட்டம் உங்கள் பலம். அதனாலேயே நான் கவலைப்படுவது ஓட்டத்தைப் பற்றித்தான். உங்கள் நுரையீரலுக்கு ஓட்டம் சுலபமாக இருக்கும், எலும்புக்கு அப்படி இல்லை. என் முதல் நெடுந்தூரப் போட்டிக்கு முந்தைய குளிர்காலத்தில், வெளியே போக முடியாத எரிச்சலில் ட்ரெட்மில் ஓட்டத்தை மூன்றே வாரத்தில் இரண்டு மடங்காக்கினேன். முன்காலில் எலும்பு விரிசல். எட்டு வாரம் ஓடவில்லை. முழங்காலுக்குக் கீழே ஒரு விரல் நுனி அளவு இடத்தில் அழுத்தினால் வலித்தால், அதுவும் நாளுக்கு நாள் கூடினால், அதன்மேல் ஓடாதீர்கள், மருத்துவரிடம் காட்டுங்கள்.

வாரம் மூன்று ஓட்டம், 35, 35, 60 நிமிடம், எல்லாம் பேசிக்கொண்டே ஓடும் வேகத்தில். வெளியே ஓடினால் முதல் பத்து நிமிடம் லேசாகக் குளிர வேண்டும். கிளம்பும்போதே கதகதப்பாக இருந்தால் உடை அதிகம். உடலை ஒட்டிப் பருத்தி வேண்டாம், வியர்வையைப் பிடித்துவைத்துக் குளிர வைக்கும். போகும்போது எதிர்காற்றில் போய், வரும்போது காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு வாருங்கள். நனைந்த உடம்பில் எதிர்காற்று படக் கூடாது. இருட்டில் ஒளி பிரதிபலிக்கும் பட்டையும் தலைவிளக்கும் கட்டாயம். குளிர்ந்த உலர் காற்று சிலருக்கு மூச்சுக்குழாயைச் சுருக்கிவிடும். இருமலோ இழுப்போ வந்தால் வாயை மெல்லிய துணியால் மூடி ஓடிப் பாருங்கள், அப்படியும் நிற்கவில்லை என்றால் மருத்துவரைப் பாருங்கள்.

இதோடு வாரம் இரண்டு முறை 25 நிமிடம் எடைப் பயிற்சி: குந்தி எழுதல், எடையைத் தரையிலிருந்து தூக்குதல், ஒற்றைக்காலில் மெதுவாகக் குதிகாலை உயர்த்தி இறக்குதல். அவ்வளவுதான். மொத்தம் கூட்டிப் பாருங்கள், எட்டரை மணி நேரத்துக்குள் வரும். மூன்று வாரம் இப்படி, நான்காவது வாரம் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்துவிடுங்கள். ஒரு நாள் தவறினால் அடுத்த நாள் இரட்டிப்பாகச் செய்து ஈடுகட்ட வேண்டாம்.

சாப்பாட்டைப் பற்றி ஒரே ஒரு எச்சரிக்கை: எடை குறைப்பதையும் இந்தப் பயிற்சியையும் ஒன்றாக இழுக்காதீர்கள். உணவு பற்றாவிட்டால் எலும்பும் நோய் எதிர்ப்பும் முதலில் அடிவாங்கும். வெயில் குறைந்த மாதங்களில் வைட்டமின் டி குறைவது சகஜம். இரும்புச்சத்தையும் சேர்த்து ரத்தத்தில் பார்த்துக்கொண்டால் நல்லது. போட்டியன்று பலர் மணிக்கு 60 முதல் 90 கிராம் மாவுச்சத்து உட்கொள்வார்கள். வயிறும் பழக வேண்டிய உறுப்புதான். 90 நிமிடச் சவாரியில் மணிக்கு 40 கிராம் என்று இப்போதே தொடங்கிவிடுங்கள்.

சளி மூக்கோடு நின்றால் மெதுவாகப் பயிற்சி செய்யலாம். காய்ச்சல், மார்புச்சளி, உடல்வலி என்றால் முழு ஓய்வு. காய்ச்சலோடு உழைத்தால் இதயத் தசையில் அழற்சி வரும் ஆபத்து இருக்கிறது. இதில் பிடிவாதம் கூடாது. 41 வயதில், இதுவரை செய்யவில்லை என்றால், இந்த மாதமே இதயப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். உழைக்கும்போது மார்பு வலி, மயக்கம், குடும்பத்தில் இளவயதில் திடீர் மரணம் இவற்றில் எது இருந்தாலும் மருத்துவரிடம் மறைக்காதீர்கள். ட்ரையத்லானில் நிகழும் திடீர் மரணங்களில் பெரும்பகுதி நீச்சலின்போதுதான் நிகழ்கிறது என்பதால் சொல்கிறேன்.

அதே காரணத்தால் திறந்த நீர்நிலையில் இப்போது இறங்க வேண்டாம். 15 டிகிரிக்கும் கீழே உள்ள தண்ணீரில் திடீரென்று இறங்கினால் உடல் தன்னையறியாமல் மூச்சை இழுக்கும், அந்த நேரத்தில் முகம் உள்ளே இருந்தால் தண்ணீரைத்தான் இழுக்கும். தண்ணீர் சூடேறியபின், துணையோடு, மிதவை கட்டிக்கொண்டு, முகத்தையும் கழுத்தையும் நனைத்துவிட்டு மெல்ல இறங்குங்கள்.

இந்தச் சனிக்கிழமை 90 நிமிடம் மிதித்துவிட்டு இறங்கிவிடுங்கள். அடுத்த 16 வாரத்துக்கு 400, 200 மீட்டர் நேரங்களையும், எத்தனை பயிற்சி தவறியது, எங்கே வலித்தது என்பதையும் ஒரு நோட்டில் எழுதிவாருங்கள். முடிந்ததும் அந்த எண்களோடு மறுபடி எழுதுங்கள்; உங்கள் நண்பர் சொல்லும் 5 மணி நேரச் சவாரியை எந்த வாரத்தில் வைப்பது என்று அப்போது பார்க்கலாம்.