எலும்புப் பிடி மடக்குக் கத்திகள்: சேகரிப்போர் கேள்வி பதில்

கேள்வி: அலகின் அடியில் 'கேஸ் எக்ஸ் எக்ஸ் யு.எஸ்.ஏ.' என்ற முத்திரை. கீழே 6 புள்ளிகள். எந்த ஆண்டுக் கத்தி?

பதில்: 'எஸ்' எழுத்து வழக்கமான வடிவில் இருந்தால் 1974. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்து பிராட்ஃபோர்டில் இயங்கும் கேஸ் கத்தி நிறுவனம், 1970-இல் முத்திரைக்குக் கீழே 10 புள்ளிகள் பொறித்து, ஆண்டுக்கொன்றாகக் குறைத்துக்கொண்டு வந்தது. 1980-இல் மறுபடியும் 10. ஆனால் அந்த வரிசையில் 'எஸ்' எழுத்து மின்னல் போல வளைந்திருக்கும். 1980-ஐ 1970 என்று விற்கப் பார்ப்பவர்கள் உண்டு, எழுத்தைப் பாருங்கள். புள்ளியே இல்லாமல் 'யு.எஸ்.ஏ.' மட்டும் இருந்தால் 1965 முதல் 1969 வரை. 'டெஸ்டட்' என்ற சொல்லும் இருந்தால் 1940-க்கு முந்தியது. அதற்கு விலையே வேறு.

கேள்வி: என் கேஸ் கத்தியின் எண் 6254. அப்படியானால் பிடி எலும்புதானே?

பதில்: முதல் இலக்கம் 6 என்றால் எலும்பு, 5 என்றால் மான்கொம்பு. அடுத்த 2 அலகுகளின் எண்ணிக்கை, 54 வடிவத்தின் எண். இது பொதுவிதிதான், டெல்ரின் பிளாஸ்டிக் பிடி போட்ட சில கத்திகளிலும் இதே 6 இருக்கிறது. எனவே பிடியை லென்ஸ் வைத்துப் பாருங்கள். மாட்டெலும்பில் இரத்தக் குழாய்கள் ஓடிய தடம் கரும்புள்ளிகளாகவும் நுண்கோடுகளாகவும் தெரியும். கட்டைவிரல் படும் இடத்தில் சாயம் வெளுத்திருக்கும். பிளாஸ்டிக்கில் அந்தத் துளைகள் இராது. சூடான ஊசியால் குத்திப் பார்க்கச் சொல்பவரிடம் கத்தியைக் கொடுக்காதீர்கள்.

கேள்வி: 'ஷெஃபீல்டு' (இங்கிலாந்தின் கத்தித் தொழில் நகரம்) என்று மட்டும் இருக்கிறது, 'இங்கிலாந்து' இல்லை. 1890-க்கு முந்தியதா?

பதில்: இருக்கலாம், உறுதியில்லை. 1890-இன் மெக்கின்லி சுங்கச் சட்டம், அமெரிக்காவுக்குள் வரும் சரக்கில் நாட்டின் பெயர் வேண்டும் என்றது. வேறு சந்தைகளுக்குப் போன கத்திகளை அது கட்டுப்படுத்தவில்லை.

கேள்வி: 'பயன்படுத்தாதது' என்கிறார் விற்பவர். எப்படி நம்புவது?

பதில்: அவர் சொல்லை விடுங்கள், அலகைப் பாருங்கள். சாணை பிடித்துப் பிடித்துத் தேய்ந்த அலகு ஒல்லியாகிவிடும். முனையின் வளைவும் மாறும். அதே மாடலின் பழைய விலைப்பட்டியல் படத்தோடு ஒப்பிட்டால் குட்டு வெளிப்படும். பிறகு திறந்து மூடுங்கள்: அலகைப் பிடிக்கும் வில் (ஸ்பிரிங்) நன்றாக இருந்தால் 'டக்' என்று உட்காரும், பக்கவாட்டில் ஆடாது. பிடி தேய்ந்து அலகு மட்டும் பளபளத்தால், அலகை மாற்றியோ மெருகேற்றியோ இருக்கலாம்.

கேள்வி: அலகு கறுத்துவிட்டது. மெருகேற்றலாமா?

பதில்: வேண்டாம். கார்பன் எஃகில் படியும் நீலச் சாம்பல் நிறம் அதன் வயது. செந்துரு மட்டும்தான் எதிரி. எண்ணெய் விட்டு, பித்தளைத் துண்டின் விளிம்பால் மெல்லச் சுரண்டுங்கள். மெருகு இயந்திரம் முத்திரையின் கூர்மையையும் சேர்த்துத் தின்றுவிடும்.

கேள்வி: தோல் உறையில் வைக்கலாமா?

பதில்: கூடாது. தோல் ஈரத்தை இழுக்கும். பதனிட்ட இரசாயனமும் எஃகை அரிக்கும். செல்லுலாய்டு (பழைய வகை பிளாஸ்டிக்) பிடிக் கத்தி இருந்தால் அதையும் தனிப் பெட்டிக்கு மாற்றுங்கள். அது சிதையத் தொடங்கினால் வெளிவரும் ஆவி பக்கத்துக் கத்திகளையும் துருப்பிடிக்க வைக்கும்.