கீழக்கரை மாணவர்களின் செயற்கைக்கோளுக்கு எந்த அதிர்வெண்?

கேள்வி: கீழக்கரைக்குப் பக்கத்தில் ஒரு பொறியியல் கல்லூரியில் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். எங்கள் மாணவ மாணவியர் பத்து சென்டிமீட்டர் கனசதுர வடிவில் ஒரு சிறிய செயற்கைக்கோளை உருவாக்கி வருகிறார்கள். மன்னார் வளைகுடாவில் விடப்போகும் மிதவைகளிலிருந்து கடல்நீரின் வெப்பநிலையையும், நாட்டுப்படகுகளில் பொருத்தும் கருவியிலிருந்து படகின் இருப்பிடத்தையும் அது வாங்கிக் கரைக்கு அனுப்ப வேண்டும் என்பது திட்டம். நாங்கள் வாங்க நினைத்திருக்கும் ரேடியோ 437 மெகாஹெர்ட்ஸில் இயங்கும். அந்த அலைவரிசையில் காலியாக உள்ள ஓர் எண்ணை நாங்களே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாமா? யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்? எவ்வளவு காலமும் பணமும் ஆகும்?

பதில்: நீங்களே எடுத்துக்கொள்ள முடியாது. காரணத்தையும் முறையான வழியையும் விரிவாகச் சொல்கிறேன். அதற்கு முன் படகுகளைப் பற்றிப் பேசிவிட வேண்டும். உங்கள் திட்டத்தின் தலையெழுத்தே அதில்தான் இருக்கிறது.

435 முதல் 438 மெகாஹெர்ட்ஸ் வரையில் அமெச்சூர் செயற்கைக்கோள்களுக்கு இடம் தந்திருக்கிறார்கள். உரிமம் பெற்றவர்கள், வானொலி நுட்பத்தின் மீதுள்ள ஆர்வத்தால், பண ஆதாயம் கருதாமல், தாங்களே பயிலவும் தங்களுக்குள் தொடர்பு கொள்ளவும் ஆராயவும் நடத்துவதே அமெச்சூர் சேவை என்று பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் வானொலி விதிமுறைகள் வரையறுக்கின்றன. ஐடியு என்று சுருக்கமாக அழைக்கப்படும் அந்த அமைப்பின் விதிகள் நம் நாட்டையும் கட்டுப்படுத்தும்.

இப்போது ஏர்வாடியிலிருந்து வல்லத்தில் தென்கடலுக்குப் போகும் ஒரு மீனவரை நினைத்துப் பாருங்கள். அவரிடம் அமெச்சூர் உரிமம் கிடையாது. அவர் படகிலிருந்து கிளம்பும் செய்தி அவருடைய தொழிலுக்கானது. நீங்கள் ஒரு பைசாகூட வாங்காமல் செய்து கொடுத்தாலும் அது பிறருக்குச் செய்யும் சேவை. வானொலி ஆர்வலர்கள் தங்களுக்குள் செய்துகொள்ளும் பரிசோதனை என்று அதைச் சொல்ல முடியாது. இன்னொன்றும் உண்டு. அமெச்சூர் அலைவரிசையில் பொருளை மறைத்து எதையும் அனுப்பக் கூடாது. செயற்கைக்கோளை இயக்கும் கட்டளைகளுக்கு மட்டுமே விலக்கு. மற்றதெல்லாம் யார் வேண்டுமானாலும் கேட்டுப் படிக்கும்படி இருக்க வேண்டும். மீன் பட்ட இடத்தைப் பக்கத்துப் படகுக்காரரிடம்கூடச் சொல்லாத சம்மாட்டிமார், படகு உரிமையாளர்களான அவர்கள், தங்கள் படகு நிற்குமிடம் ஊரறிய ஒலிபரப்பாவதற்கு ஒப்புவார்களா?

ஆபத்துக் காலத்தில் உதவும் என்ற எண்ணமும் உங்களுக்கு இருக்கலாம். 500 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஒற்றைச் செயற்கைக்கோள் கீழக்கரை வானத்துக்கு ஒரு நாளில் சில முறைதான் வரும். நன்றாக உயர்ந்து கடக்கும்போதும் ஏறத்தாழப் பத்து நிமிடம்தான் தங்கும். உயிருக்குப் போராடுகிறவரை அடுத்த வருகை வரை காத்திருக்கச் சொல்ல முடியாது. இஸ்ரோ உருவாக்கிய அபாய அறிவிப்புக் கருவி இதற்காகவே இருக்கிறது. படகு இருக்குமிடத்தைச் செயற்கைக்கோள் வழியே தெரிவிக்கும் டிரான்ஸ்பாண்டர்களும் அரசுத் திட்டத்தில் பொருத்தப்பட்டு வருகின்றன. எனவே படகுப் பகுதியை இந்தச் செயற்கைக்கோளிலிருந்து எடுத்துவிடுங்கள் என்பதே என் உறுதியான ஆலோசனை.

மிதவைகள் கதை சற்று வேறு. கடல் ஆய்வுக்கான தரவுதான் உங்கள் நோக்கம் என்றால் அதற்குரிய அலைவரிசை 401 முதல் 403 மெகாஹெர்ட்ஸ். உலகெங்கும் மிதவைகளிலிருந்து தகவல் திரட்டும் ஆர்கோஸ் அமைப்பு அந்தப் பகுதியில்தான் இயங்குகிறது. அதற்கு வேறு உரிமம், வேறு நடைமுறை. செயற்கைக்கோளின் கட்டளைக்கும் நலத் தகவலுக்கும் மட்டும் இடம் போதும் என்றால் 2019-ஆம் ஆண்டு உலக வானொலி மாநாடு வேறொரு வழியைத் திறந்தது. மூன்று ஆண்டுக்கு மிகாத குறுகிய காலப் பயணங்கள், கீழே அனுப்ப 137.025 முதல் 138 வரையிலும் மேலே அனுப்ப 148 முதல் 149.9 வரையிலும் உள்ள மெகாஹெர்ட்ஸ்களைப் பயன்படுத்தலாம். அமெச்சூர் வரையறைக்குள் அடங்காத கல்லூரித் திட்டங்களுக்கு அதுவே நேர்மையான பாதை.

உங்கள் மாணவர்களுக்கு வானொலியே கற்க வேண்டிய பாடம் என்றால், அமெச்சூர் வழியிலேயே செல்லலாம். 2005 மே 5-ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி.-சி6 ராக்கெட் ஏவிய ஹாம்சாட் என்ற அமெச்சூர் செயற்கைக்கோள் நல்ல முன்மாதிரி. 435 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் கேட்டதை 145 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் திருப்பி அனுப்பியது. உரிமம் பெற்ற யாரும் அதன் வழியே பேசலாம். 2014 வரை இந்தியாவிலும் வெளிநாடுகளிலும் ஏராளமான ஆர்வலர்கள் அதன் வழியே பேசினார்கள். உங்கள் பெட்டியிலும் குறுஞ்செய்தியை வாங்கித் திருப்பி ஒலிபரப்பும் ஒரு சிறு அமைப்பை வையுங்கள். தொண்டியில் உள்ள ஓர் ஆர்வலர் அனுப்பியதை டெல்லியில் இருப்பவர் கேட்பார். அப்போது வெளியில் உள்ள அமெச்சூர்களுக்கும் அது பயன்படும். உங்கள் விண்ணப்பத்துக்கும் அதுவே பெரிய பலம்.

சரி, காலியான எண்ணை ஏன் நீங்களே எடுக்கக் கூடாது? கீழக்கரை மொட்டை மாடியில் ஆன்டெனாவை வைத்து ஒரு வாரம் கேட்டு, 'இந்த எண்ணில் எதுவும் இல்லை' என்று முடிவு கட்டலாம். அந்த வாரத்தில் அந்த எண்ணுக்குரிய செயற்கைக்கோள் மின்கலம் சேமிப்பதற்காக அமைதியாக இருந்திருக்கலாம். அடுத்த மாதம் ஏவப்படக் காத்திருக்கலாம். உங்களுடையது 500 கிலோமீட்டர் உயரத்தில் ராமேஸ்வரத்துக்கு நேர் மேலே இருக்கும்போது சுமார் 2,400 கிலோமீட்டர் ஆரத்துக்குள் உள்ள அத்தனை பேரும் அதைக் கேட்பார்கள். தனுஷ்கோடியிலிருந்து கூப்பிடு தூரத்தில் உள்ள இலங்கை முழுவதும் அதற்குள் அடங்கும், டெல்லியும் அடங்கும்.

டாப்ளர் விளைவையும் கணக்கில் எடுங்கள். நொடிக்கு ஏழரை கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் ஓடும் பொருளின் சமிக்ஞை, கேட்பவருக்கு ஒரே அதிர்வெண்ணில் நிலையாக நிற்பதில்லை. 437.000-இல் அது அனுப்புவது, தெற்கே கடலடிவானத்தில் எழும்போது உங்களுக்கு 437.010 அளவில் கேட்கும். தலைக்கு மேல் வரும் கணத்தில் சரியாக 437.000. வடக்கே ராமநாதபுரம் பக்கம் இறங்கும்போது 436.990. இருபது கிலோஹெர்ட்ஸ் இப்படி வழுக்குகிறது. சமிக்ஞையின் அகலத்தையும் சேர்த்து ஒன்றுக்கு 25 கிலோஹெர்ட்ஸ் ஒதுக்கினால், 435-க்கும் 438-க்கும் இடையே 120 இடங்கள்தான் தேறும். 145 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் செயற்கைக்கோள்களுக்குரிய முதன்மையான துண்டு 145.8 முதல் 146 வரை, அதாவது வெறும் 200 கிலோஹெர்ட்ஸ். இடம் கேட்டு விண்ணப்பிப்பவர்களோ அதைவிடப் பல மடங்கு. அதனால் ஒரே எண்ணைப் பலருக்குக் கொடுத்து, அவர்களுடைய பாதைகளும் நேரங்களும் மோதாமல் பார்த்துக்கொள்ள யாரோ ஒருவர் முழு வரைபடத்தையும் கையில் வைத்திருக்க வேண்டும்.

அந்த வேலையைச் செய்வது பன்னாட்டு அமெச்சூர் வானொலி ஒன்றியம். ஐஏஆர்யு என்பார்கள், 1925-இல் பாரிஸில் தொடங்கியது. அதன் செயற்கைக்கோள் அதிர்வெண் ஒருங்கிணைப்புக் குழுவில் இருப்பவர்கள் தன்னார்வலர்கள். கட்டணம் வாங்குவதில்லை. அவர்கள் தருவது பரிந்துரை. உரிமம் தருவது நம் அரசு. இரண்டும் வேண்டும்.

விண்ணப்பத்தில் பொறுப்பாளர் பெயர் கேட்பார்கள். கல்லூரியின் பெயரை மட்டும் எழுதினால் போதாது. அழைப்புக்குறி (உரிமத்தோடு கிடைக்கும் அடையாளக் குறியீடு) உள்ள ஓர் அமெச்சூர் அதற்குப் பொறுப்பேற்க வேண்டும். நோக்கம், பாதையின் உயரமும் சாய்வும், ஒலிபரப்பின் திறன், தகவலை அலையில் ஏற்றும் பண்பேற்ற முறை, சமிக்ஞை அகலம், தரை நிலையத்தின் இடம், செயற்கைக்கோள் தன் நிலை குறித்து அனுப்பும் தகவலான டெலிமெட்ரியின் வடிவம் எல்லாம் எழுத வேண்டும். டெலிமெட்ரியை யாரும் பிரித்துப் படிக்கும்படி அதன் வடிவத்தைப் பொதுவில் வெளியிட வேண்டும். செயற்கைக்கோள் அனுப்பும் அடையாளச் சமிக்ஞையான பீக்கனில் அழைப்புக்குறி கட்டாயம் இருக்கட்டும். 2017 பிப்ரவரியில் பி.எஸ்.எல்.வி.-சி37 ஒரே ஏவுதலில் 104 செயற்கைக்கோள்களை விட்டது நினைவிருக்கும். அப்படிக் கூட்டமாக இறங்கினால் முதல் சில நாட்களில் எது யாருடையது என்றே தெரியாது. அழைப்புக்குறிதான் அடையாளம் காட்டும்.

நான் எல்லாவற்றுக்கும் மேலாக வலியுறுத்துவது ஒலிபரப்பை நிறுத்தும் ஏற்பாட்டைத்தான். பிறருக்கு இடையூறு வந்தால் உடனே நிறுத்தும் அளவுக்குப் போதுமான கட்டளை நிலையங்களை, ஏவுவதற்கு முன்பே அமைத்திருக்க வேண்டும் என்று வானொலி விதிமுறைகளின் 25-ஆம் பிரிவு சொல்கிறது. 435-438 பகுதியில் நாம் மற்ற சேவைகளுக்கு இடையூறு செய்யாத நிபந்தனையில்தான் இருக்கிறோம் என்பதையும் மறக்காதீர்கள். உங்கள் மொட்டை மாடி நிலையம் ஒன்றே போதாது. புயல் எச்சரிக்கையில் ஆன்டெனாவைக் கழற்றி வைக்க வேண்டியிருக்கும். மின்சாரம் இரண்டு நாள் வராமல் போகலாம். உப்புக்காற்று பட்ட இணைப்பான் வெளியே பளபளப்பாக இருக்கும். திருகிக் கழற்றினால் உள்ளே நடு ஊசியில் பச்சை பூத்திருக்கும், சமிக்ஞையில் பாதி அங்கேயே செத்திருக்கும். ஒவ்வொரு இணைப்பின் மீதும் தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் நாடாவை இழுத்துச் சுற்றுங்கள். மழைக்காலத்துக்கு முன் பிரித்துப் பாருங்கள். மதுரை போன்ற உள்நாட்டு ஊரில், உரிமம் உள்ள ஒருவரிடம் இரண்டாவது கட்டளை நிலையம் இருக்கட்டும். செயற்கைக்கோளுக்குள்ளும் ஒரு காவல் வேண்டும்: குறித்த நாட்கள் வரை தரையிலிருந்து கட்டளை எதுவும் வராவிட்டால் ஒலிபரப்பு தானாகவே நின்றுவிட வேண்டும். மென்பொருள் உறைந்து போனாலும் இது வேலை செய்யும்படி தனிச் சுற்றில் வையுங்கள்.

ரேடியோ வாங்கும் முன் ஒரு வார்த்தை. 437-இல் ஒரே எண்ணில் பூட்டப்பட்டதை வாங்காதீர்கள். நீங்கள் 437.2 கேட்க, குழு 435.6 தரலாம். எண் மாற்றக்கூடியதாக வாங்குங்கள்; 435 முதல் 438 வரை முழுவதும் ஆன்டெனா ஒத்துழைக்கிறதா என்று அளந்து பாருங்கள்.

அரசுப் பக்கம் இரண்டு இடங்கள். தொலைத்தொடர்புத் துறையில் உள்ள வானொலித் திட்டமிடல், ஒருங்கிணைப்புப் பிரிவைத்தான் எல்லோரும் டபிள்யுபிசி என்கிறார்கள். அமெச்சூர் உரிமமும் அங்கிருந்துதான் வருகிறது; இப்படி ஒரு செயற்கைக்கோள் வரப்போகிறது என்று இந்தியாவின் சார்பில் ஐடியுவுக்கு முன்னறிவிப்பு அனுப்பும் பொறுப்பும் அதனுடையது. தனியாரும் கல்வி நிறுவனங்களும் விண்வெளியில் எதைச் செய்யவும் விண்வெளித் துறையின் கீழுள்ள இன்-ஸ்பேஸ் அமைப்பின் அங்கீகாரம் வேண்டும். ஐஏஆர்யுவில் இந்தியாவின் உறுப்பினரான இந்திய அமெச்சூர் வானொலிச் சங்கத்துக்கும் தொடக்கத்திலேயே எழுதித் தெரிவித்துவிடுங்கள்.

காலத்தைப் பொறுத்தவரை, முன்னறிவிப்பைச் செயற்கைக்கோள் இயங்கத் தொடங்கும் நாளுக்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே அனுப்புவது நல்லது என்று ஐடியு விதி சொல்கிறது. அது வெளியான பிறகு மற்ற நாடுகள் கருத்துச் சொல்ல நான்கு மாத அவகாசம் உண்டு. அமெச்சூர் செயற்கைக்கோள்களின் தாக்கலுக்கு ஐடியு கட்டணம் வசூலிப்பதில்லை. இங்குள்ள அலுவலகங்களின் கட்டணங்களை விண்ணப்பிக்கும் சமயத்தில் அவற்றின் தளங்களில் பார்த்துக்கொள்ளுங்கள். ராக்கெட்டில் இடம் உறுதியாகும் வரை அதிர்வெண் வேலையைத் தள்ளிப்போடாதீர்கள். பாதை முடிவாகாவிட்டாலும் உத்தேசமான உயரத்தைக் கொடுத்துத் தொடங்கலாம், பிறகு திருத்தலாம்.

இந்த மாதமே செய்யக்கூடியது ஒன்று உண்டு. நீங்களும் இரண்டு மூன்று மாணவர்களும் அமெச்சூர் நிலைய இயக்குநர் சான்றிதழ் தேர்வுக்கு விண்ணப்பியுங்கள். மாணவர்கள் படித்து முடித்துப் போய்விடுவார்கள்; பொறுப்பாளராகக் கையெழுத்திட வேண்டியவர் செயற்கைக்கோள் எரிந்து விழும் வரை அங்கேயே இருக்கும் நீங்கள்தான். அழைப்புக்குறி கைக்கு வந்ததும், படகுகள் இல்லாத புதிய நோக்கத்தை ஒரே பக்கத்தில் எழுதி, அதை முதலில் இந்திய அமெச்சூர் வானொலிச் சங்கத்துக்கு அனுப்பிக் கருத்துக் கேளுங்கள்.